மாப்ளைக்கு ஒரு நாற்காலி

"இன்னொரு சேர் போடுங்க. மாப்ள நிக்காவல்லா!"

டீக்கடைக்குள் நுழைந்ததும் சாமித்துரை அண்ணாச்சி கேட்பது இதைத்தான். ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார். மற்றதில் தன் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி வைப்பார். மாப்பிள்ளை அந்தக் கால்தான். "அவிய எந்திரிச்சாத்தான் நான் எந்திரிக்க முடியும். சோறு போட்டு, ஊசி போட்டு, சேரும் போடணும். பொண்ணு குடுக்காமலே வந்த மாப்ள!"

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துச் சம்சாரி அவர். பருத்தி, உளுந்து விவசாயம். ஈரக் கரிசலில் செருப்போடு இறங்கினால் செருப்பு மண்ணோடு தங்கிவிடும் என்பதால் வெறுங்கால்தான். எப்போதோ ஒரு வேலிக்கருவை முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனார். சில வருஷங்களில் பாதம் வீங்கியது. வலி கிடையாது. சின்னச் சின்னக் கண்களாகத் திறந்து சீழ் கசிந்தது.

ஊரில் யார் குரலும் எனக்கு அப்படியே பேச வரும். ஒருநாள் கடையில் அண்ணாச்சி நடையையும் நடந்து காட்டினேன். பின்னாலேயே நின்று பார்த்திருக்கிறார். "ஏலே, நீ நொண்டுதது இடது காலுல்லா? மாப்ளைய மாத்தாத!" கூட்டம் சிரித்தது, என்னைப் பார்த்து.

காட்டாத டாக்டர் இல்லை. களிம்பு, மாத்திரை, கட்டு, ஒன்றும் கேட்கவில்லை. எலும்புக்குப் போயிருந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் ஒருவர். அன்றைக்கு மட்டும் அண்ணாச்சி இரண்டாவது நாற்காலி கேட்கவில்லை.

கடைசியாகக் கோவில்பட்டியில் தோல் டாக்டர் ப்ரியதர்ஷினியிடம் போனார். அந்தம்மா காலை முகர்ந்து பார்க்காத குறை. "ஏன் பவுடர் வாசம் அடிக்கு?"

"டாக்டர்ட்ட நாத்தக் காலோடயா வருவாக? வாசனை சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவி, பவுடர் பூசித்தாம்மா எல்லார்ட்டயும் காட்டுவேன்."

"அடுத்த தடவ கழுவாம, கட்டோட அப்படியே வாங்க."

அப்படியே போனார். பிரித்த கட்டில் ரவையைப் போல வெள்ளையும் மஞ்சளுமாகக் குருணைகள். அவற்றையும் துளிச் சதையையும் சோதனைக்கு அனுப்பினார்கள். பூஞ்சை இல்லை, பாக்டீரியா. மருந்துக்குக் கட்டுப்படும் என்று முடிவு வந்தது.

"கள்ளன் தடத்த நானே தண்ணி ஊத்திக் கழுவிட்டு, ஆளப் புடிங்கன்னு ஊர் ஊரா நின்னுருக்கேன் பாத்துக்கோ," என்று கடையில் தன்னையே விற்றுச் சிரிப்பு வாங்கினார்.

ஊசி சுற்றுச் சுற்றாக, மாத்திரை மாதக்கணக்கில். வீக்கம் வற்றியது, கண்கள் மூடின. "மாப்ள மலையேறிட்டாவ" என்று மாத்திரையை நிறுத்தினார். ஒரு கண் மறுபடி திறந்தது. டாக்டரம்மா கொடுத்த ஏச்சை நான் இன்றைக்கும் அப்படியே பேசிக் காட்டுவேன்: "காயம் மூடுனா போதுமா? உள்ள இருக்கது சாகண்டாமா? காலு வேணுமா, வேண்டாமா?" விட்ட மருந்தை மறுபடி பிடித்தார்.

போன வாரம் காலையில், மறுபரிசோதனைக்கு அவரை பைக்கில் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பழைய பேப்பரை விரித்து, வலது காலை அதன்மேல் அழுத்தி நின்றுகொண்டிருந்தார். பிறகு காலை எடுத்து, பேப்பரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சீழ் கசிந்த ஈரம் தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேப்பர்ல என்ன நியூஸ்?" என்றேன், அவர் குரலிலேயே.

அவர் சிரிக்கவில்லை. திருப்பிப் பிடித்து மறுபக்கமும் பார்த்தார். பிறகு அடுப்படியில் இருந்த மனைவி வெயிலுவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி வெயிலு, நீ பாத்துச் சொல்லு. என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பாக்கும்."

பேப்பரை மனைவி கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.