கீழே விழுந்த லென்சுக்கு என்ன விலை?

கேமரா லென்ஸ் வாடகைக்கு விடும் தொழிலில், பொருள் அலமாரியில் இருந்தால் சோற்றுக்குக் கவலை. வெளியே போனால் பொருளுக்குக் கவலை. புது பைக்கை மச்சானுக்கு இரவல் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருப்பார்கள். எனக்கு அதுவே பிழைப்பு. பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் சின்னக் கடை. படிப்பு பத்தாவதோடு நின்றது, கோபம் மட்டும் நிற்கவில்லை. கடையில் இருப்பதிலேயே பெரிய லென்ஸ், கடைசி வரிசையில் நின்றுகொண்டு மணமேடையை எட்டிப் பிடிக்கிற நீள லென்ஸ். கையிலிருந்த சேமிப்போடு மனைவியின் வளையல்களையும் அடகு வைத்து ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியது. அதன் வாடகையில்தான் வளையலுக்கு வட்டி போகிறது. லென்ஸ் போனால் வளையலும் போச்சு.

பேரம்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் காதர் பாய் ஒரு தொகை சொன்னார். சொன்ன விலைக்கு நான் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. "வெள்ளம் எதுக்குவே? ஆத்துத் தண்ணி மாடிப்படி ஏறி வருமா?" என்று அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். நிலநடுக்கத்தை எடுத்தோம். கலவரத்தை எடுத்தோம். லென்சின் விலையையே ஒரு லட்சம் என்று போடச் சொன்னேன். விலை குறைந்தால் பிரீமியமும் குறையும் அல்லவா. அப்புறமும் எனக்கு ஆறவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்கு வெளியே நடக்கும் சேதம் என்றார். அதையும் எடும் என்றேன். நிசமாகத்தான் சொல்கிறீர்களா என்று மறுபடி கேட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து எடுத்துவிட்டார்.

பாதிக்குப் பாதி குறைத்த பெருமையை வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "உள்ள இருந்தா இன்சூரன்சு உண்டு, வாடகை கிடையாது. வெளிய போனா வாடகை உண்டு, இன்சூரன்சு கிடையாது. நல்லா முடிச்சிட்டு வந்திருக்கிய."

பிணை

இன்சூரன்ஸ் இல்லாத இடத்தை மிரட்டலால் அடைத்துவிடலாம் என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'உடைத்தால் முழு விலை. பெரிய லென்ஸ் இரண்டு லட்சம்.' அந்த அரை லட்சம் பயத்துக்காகக் கூட்டியது. அது போக, அசல் பத்திரமோ சான்றிதழோ ஏதாவது ஒன்றைப் பிணையாகக் கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். என்ஜினியரிங் முடித்துவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் டிகிரி சர்டிபிகேட்டையே எடுத்து வைத்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. லென்சுக்கு ஏதாவது ஆனால் இதைத் திருப்பித் தர மாட்டேனே, என்ன செய்வீர் என்று கேட்டேன்.

"நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்கிட்ட இருந்தும் அது என்னத்தக் கிழிச்சுது."

சாரல்

அன்றோடு பிணையின் மேலும் நம்பிக்கை போயிற்று. பெரிய லென்சை இனி யாருக்கும் தருவதில்லை என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாரல் காலம் முழுக்க அது உள்ளேயே கிடந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் கல்யாண போட்டோகிராபர் இசக்கி என் பழைய வாடிக்கை. அவன் விடாமல் கேட்டதால் வெளியே எடுத்தேன். எங்கள் தொழிலில் லென்சைக் கைமாற்றும்போது, போன் டார்ச்சைக் கண்ணாடிக்குள் அடித்து இரண்டு பேரும் பார்க்க வேண்டும். இருக்கிற கீறலை அப்போதே பேசிக்கொண்டால் பின்னால் சண்டை வராது. இசக்கி பார்த்தான். "உள்ள என்னமோ வேர் விட்டிருக்கே அண்ணாச்சி" என்றான். வெள்ளை வெள்ளையாக நூல். பூட்டிக் கிடந்த ஈரத்தில் பிடித்த பூஞ்சை.

காதர் பாயைப் போனில் பிடித்தேன். கடைக்குள்தானே நடந்திருக்கிறது, பணத்தைக் கொடும் என்று கத்தினேன். அவர் பைய ஒரு பதில் சொன்னார். "பூஞ்சை தானா வளருது, அது விபத்துல சேராது. கீழ போட்டிருந்தீயன்னா யோசிக்கலாம்."

குலசை

மெக்கானிக் பூஞ்சையைத் துடைத்துத் தந்தார். அந்தச் செலவை எடுக்கவாவது வாடகைக்கு விட வேண்டுமே. தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போக இசக்கி கேட்டதும் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது லென்சைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். காளி வேடம் கட்டிய ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே நெருக்கியதில், ஸ்டாண்டோடு கல்படியில் விழுந்திருக்கிறது. முன்கண்ணாடி இரண்டாகியிருந்தது, உள்ளே எல்லாம் கடகடவென்று ஆடியது. நான் போட்ட சத்தத்தில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். "ஏலே, பலகையப் படி. ரெண்டு லட்சம்" என்றேன். நான் ஓய்ந்ததும் இசக்கி, காதர் பாயிடமே தானும் ஒரு இன்சூரன்ஸ் போட்டிருப்பதாகச் சொன்னான். வாடகைக்கு எடுக்கும் பொருளும் அதில் உண்டாம். பேரமே பேசவில்லையாம். உடனே என் கோபம் இறங்கிவிட்டது. அவனுக்கு உட்கார நாற்காலி போட்டேன்.

சேதத்தை மதிப்பிட வந்த அதிகாரி, ரிப்பேர் பார்த்துப் பிரயோசனமில்லை, லென்ஸ் போனது போனதுதான் என்றார். விலை என்ன என்று கேட்டார். பலகையைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற காதர் பாய் தொண்டையைச் செருமினார். "நம்ம கம்பெனியில நீங்க ஒரு லட்சம்னுல்லா சொல்லியிருக்கிய" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஒரு லட்சம் என்று எழுதிக்கொண்டார். பாக்கி ஒரு லட்சத்தை நீ வையிலே என்று இசக்கியின் பக்கம் திரும்பினேன். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ரெண்டுன்னு சொன்னதும் நீங்க, ஒண்ணுன்னு சொன்னதும் நீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க அண்ணாச்சி, நான் கீழ டீ குடிச்சிட்டு வாரேன்."

மிச்சம்

இரண்டு சொன்ன நானும் ஒன்று சொன்ன நானும் பேசியும் முடிவுக்கு வரவில்லை, அதனால் இசக்கியிடம் பாக்கி கேட்கவும் முடியவில்லை. வந்த லட்சத்தை வைத்து வளையலை மீட்கலாம், இல்லையென்றால் யாராவது பயன்படுத்திய பழைய லென்ஸ் ஒன்று வாங்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. வளையலை மீட்டால் கடையை மூட வேண்டியதுதான். குரல் உயர்த்தாமல் மனைவியிடம் கேட்டேன். அவள் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"லென்சே வாங்குங்க. வளையல் அடகுக் கடையிலயே இருக்கட்டும், அங்கன அத யாரும் குலசைக்குத் தூக்கிட்டுப் போவ மாட்டாவ."

வாங்குகிற இடத்தில் குறைத்தும் கொடுக்கிற இடத்தில் கூட்டியும் சொல்லிப் பழகிய வாய்க்கு, உடைந்த இடத்தில் சொல்ல ஒரு விலை மிஞ்சாது என்று தெரிந்துகொண்டேனே, இந்தத் தொழிலில் நான் பேரம் பேசாமல் கட்டிய ஒரே பிரீமியம் அதுதான்.