ஆரணியின் நிறம்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் றெஜினோல்டுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாட்கள் இருந்துவிட்டு அங்கேயே போய்விட்டாள். பெயர் ஆரணி. உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களிலெல்லாம் மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், மேலே நீல வெளிச்சம். குழாய் இல்லாத படம் ஒன்றுதான் இருந்தது. மூச்சு நின்ற பிறகு தாதி எடுத்துத் தந்த படம். அவன் மனைவி நிலூஜா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நகரின் மோர்டென்ஸ்ருட் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டில் பிள்ளையைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று.

நூலகத்தில் படம் திருத்தும் வகுப்பு நடப்பதாக அறிந்து றெஜினோல்ட் போய்ச் சேர்ந்தான். கணினியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வேலை அட்டவணை பார்ப்பது மட்டும். படத்தின்மேல் படம் அடுக்குவதற்கு லேயர் என்று பெயர் என்பதே அங்கேதான் தெரிந்தது. உயிரோடிருந்தபோது எடுத்த படத்தைக் கீழே வைத்து, குழாயில்லாத முகத்தை மேலே வைத்தான். கத்தரித்து ஒட்டியது போலிருந்தது. உதடு கறுத்துத் தெரிந்தது. ஓரங்களை அழிக்கத் தொடங்கினான்.

வகுப்பு நடத்திய தமிழ்ப் பெண் மேரின் பக்கத்தில் வந்து நின்றாள். "அழிக்காதேங்கோ அண்ணா. மாஸ்க் போட்டு மறையுங்கோ. மறைச்சதைத் திரும்ப எடுக்கலாம்."

யாருடைய பிள்ளை என்று அவள் கேட்கவில்லை.

ஒரு படத்தின் நிறத்தை மட்டும் எடுத்து மற்றதோடு கலக்கும் விதம் பிடிபடப் பல வாரங்கள் சென்றன. உயிருள்ள கன்னத்தின் சிவப்பு அசையாத உதட்டில் படிந்தபோது, மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தான்.

அதை நிலூஜாவுக்குக் காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கிறாள். ஆனா இவளை நான் காணேல்லை, றெஜி. நான் தொட்ட பிள்ளைக்குக் குழாய் இருந்தது. அதோடைதான் என்ரை விரலைப் பிடிச்சவள்."

"உமக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குமெண்டு நினைச்சன்."

"கஷ்டம்தான்."

அவன் மேல் லேயரை மறைத்தான். குழாயோடு ஆரணி தெரிந்தாள்.

"அந்த நீல வெளிச்சத்தை மட்டும் எடுக்கேலுமோ?" என்று நிலூஜா கேட்டாள்.

"ஓம்."

இளஞ்சூடான நிறத்தில் ஒரு லேயர் போட்டு, கொஞ்சங் கொஞ்சமாகக் கலந்தான். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"காணும், இனிக் கலக்க வேண்டாம். இதுதான் அவளின்ரை நிறம்."

படம் இப்போது விறாந்தைச் சுவரில் தொங்குகிறது. வருபவர்கள் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். மேல்மாடிப் பூமணி மட்டும் ஒருநாள் அதன் முன்னால் நின்று, "மூக்கிலை என்ன, பிள்ளை?" என்று நிலூஜாவைக் கேட்டாள்.

"இருங்கோ அக்கா, சொல்லுறன். இவள் எங்கடை மகள். ஆரணி."

குசினியில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்த றெஜினோல்ட், நிலூஜாவின் குரல் நன்றாகக் கேட்கட்டும் என்று தண்ணீரை நிறுத்தினான்.