அக்காவின் கோளாறு நோட்டு

முதலில் உங்கள் எல்லோரிடமும் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அக்கா கடைசியாகச் செய்து வைத்த நினைவு மலர் முழுவதும் அழிந்துவிட்டது. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. எல்லாம் என்னால்தான்" என்று செய்தி போட்டவன் நான். அதில் "என்னால்தான்" என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் தப்பு. எதுவும் அழியவில்லை. கறம்பக்குடி சித்தி அழுதுகொண்டே போன் செய்து, "ஏம்ப்பா, அவ போனன்னைக்கு அழுதது பத்தாதுன்னு இன்னொரு தடவ அழ வக்கிறியேப்பா" என்றார். சித்தி, மன்னிச்சிருங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியின் பாகங்கள் என்று படம் வரைந்து பாடம் நடத்துகிற அறிவியல் வாத்தியார் நான். பாகங்கள் தெரியும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா இருந்தவரை நான் "அக்கா சொல்லுச்சு, அக்கா வந்துச்சு" என்றுதான் பேசினேன். அச்சில் அப்படிப் போட்டால் அக்காவே எழுந்து வந்து திருத்துவார். அதனால் "சொன்னார், வந்தார்" என்றே எழுதுகிறேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மல்லிகையும் கொஞ்சம் கடலையும் போட்டிருந்த எங்கள் வீட்டில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஏழு வருஷம் நிம்மதியாக இருந்தார். பிறகு நான் பிறந்தேன்.

அக்கா பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பா தவறிப்போனார். கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அக்கா மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆலங்குடியில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். விடியக்காலையில் பூப்பறித்து, கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறுவார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர், ஹையர் முடித்தார். புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போனபோது, அங்கே புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் உறை போட்டபடி இருந்ததாம். தொட்டால் கெட்டுவிடும் என்று முதலாளி முதல் கம்பாசிட்டர் வரை எல்லோரும் தள்ளியே நடந்தார்கள். அக்கா உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பி.எஸ்சி. படித்தது, பி.எட். படித்தது எல்லாம் அந்தப் பத்து விரல்களால்தான். நான் தட்டுத் தடுமாறிப் படித்ததால் அந்த விரல்கள் ஒரு வருஷம் கூடுதலாகவே உழைக்க வேண்டியிருந்தது.

அத்தானைக் கட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு வந்தபின், அவருடைய மோட்டார் காயில் கட்டும் கடையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்தார்கள். அங்கிட்டு எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள். இங்கிட்டு கல்யாணப் பத்திரிகைகள். அத்தானைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். மிச்சத்தை அக்கா பேசினார்.

அக்காவின் டி.டி.பி. கடையில் எழுத்துப் பிழைக்காகச் சண்டை வந்ததே இல்லை. வந்த சண்டையெல்லாம் பெயர் வரிசைக்காக. ஒரு காதணி விழாவுக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர், "எம் பேருதான் மொதல்ல வரணும்" என்று கடைக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். அக்கா இரண்டு பெயரையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இடது பக்கம் யார் என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. அக்கா அமைதியாகப் பாதிப் பத்திரிகையில் இவரை இடதுபக்கம் போட்டார், மீதியில் அவரை. விழா வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கட்டு அவங்க பங்காளிகளுக்கு, இந்தக் கட்டு இவங்க பங்காளிகளுக்கு. ரெண்டையும் சேத்து வச்சு யாரும் பாக்க மாட்டாங்க, போங்க" என்றார். இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. இப்போது நான் எழுதிவிட்டேன். அந்த மாமன்கள் இருவரும் இந்த மலரை வாங்குவார்கள். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

துக்க வீட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்களிடம் அக்காவின் முறையே வேறு. அவர்களைத் திரையைப் பார்க்க விடமாட்டார். ஸ்டூலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுப்பார். பிறகு போஸ்டரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். அவர்கள் "ம்" என்றால் போதும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பெத்தவுக படத்த அப்படிப் பாத்துக்கிட்டு இருக்கும்போது எழுத்துப் பிழையாடா கண்ணுக்குத் தெரியும்?" என்றார்.

புயலடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது நிவாரண மனு எழுத வேண்டி ஊர் முழுக்க அக்காவின் கடை வாசலில் நின்றது. அக்கா கம்ப்யூட்டரைத் துணிபோட்டு மூடிவிட்டு எல்லா மனுவையும் கையால் எழுதினார். வலது கை வீங்கி, அத்தான் சோறு பிசைந்து கொடுத்தார். நானும் உதவுகிறேன் என்று போய் மூன்று மனு எழுதினேன். மூன்றையும் அக்கா திரும்ப எழுதினார்.

இந்த அக்காவுக்குத்தான் நோய் வந்தது. தஞ்சாவூருக்குப் போவதும் வருவதுமாக இருந்த மாதங்களில், உடம்பு சொன்னபடி கேட்ட நாட்களில் எல்லாம் கடையில் போய் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "நான் போனப்பறம் நீங்க மலர் போடுவீங்க. ஆளுக்கொரு பேரத் தப்பா அடிச்சு, சித்தப்பாவப் பெரியப்பாவா ஆக்கிருவீங்க. அதான் நானே அடிச்சு வைக்கிறேன்" என்றார். நம் குடும்பப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார் என்ற விவரம், உறவுமுறை. மொத்தம் பதினான்கு பக்கம். "எவன்கிட்டயும் குடுத்துப் புதுசா அடிக்காதே. என் முதலாம் ஆண்டு நெனவு நாளுக்கு இந்த ஃபைலத்தான் அச்சுக்குக் குடுக்கணும்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த ஃபைல் அக்காவின் பழைய கம்ப்யூட்டரில், இப்போது அதிகம் பேர் வைத்திருக்காத பழைய டி.டி.பி. சாஃப்ட்வேரில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. அதற்கு மேல் அக்காவின் கை பட்டு ஒரு வரியும் வரப்போவதில்லை.

அதைத்தான் போன மாதம் நான் திறக்கப் போனேன்.

முதலில் மவுஸ். திரையில் அம்பு மேலும் கீழும் போனது. பக்கவாட்டில் போக மறுத்தது. மவுசைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். நான் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். மேஜையைத் துடைத்தேன். கடைசியில் "அக்கா, கொஞ்சம் மனசு வையி" என்று வேண்டிக்கொண்டேன். பலகைக்கு அங்கிட்டிருந்து அத்தான் எழுந்து வந்தார். மவுசைக் கவிழ்த்து, அடி மூடியைத் திருகி, உள்ளேயிருந்த உருண்டையை எடுத்து, உருளையில் ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டி, மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஃபைலைத் திறந்தேன். பதினான்கு பக்கமும் இருந்தன. எழுத்து இருந்த இடத்திலெல்லாம் வெறும் சாம்பல் கோடுகள். படம் இருந்த இடத்திலெல்லாம் சாம்பல் பெட்டிகள். பக்கத்துக்குப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் சாம்பல். அக்கா நம்பிக் கொடுத்த ஒரே வேலை. அதைத் திறந்த ஐந்தாவது நிமிஷத்தில் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது போட்டதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி.

சித்தியின் அழுகை அத்தானின் போனுக்கும் போயிருக்கும் போல. அவர் மறுபடி வந்தார். திரையைப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்து, "படி" என்றார்.

அக்காவின் கையெழுத்து. "எழுத்தெல்லாம் சாம்பல் கோடாகத் தெரிந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காட்டும்போது மிஷின் சின்ன எழுத்துக்குப் பதில் கோடு போட்டுக் காட்டும். பெரிதாக்கிப் பார்க்கவும். படம் சாம்பல் பெட்டியாக இருந்தால், வேகமாக ஓடட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருக்கிறேன். தம்பி, இதற்காக யாருக்கும் போன் பண்ணாதே."

பெரிதாக்கினேன். கோடுகள் பிரிந்து தமிழாயின. முதலில் தெரிந்த வரி இது: "அப்பா, கடலைக் கொல்லையில். படம் எடுத்தது தம்பி. அதனால்தான் தலை பாதியோடு நிற்கிறது." சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் திரை தெரியவில்லை. அதற்கு மிஷின் காரணமில்லை.

அன்று அந்த நோட்டை முழுவதும் படித்தேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து வந்த ஒவ்வொரு கோளாறும், அதன் காரணமும், சரிசெய்த விதமும் மூன்று பத்திகளில் இருந்தன. கடையில் எனக்கு இவ்வளவு பெரிய இடம் இருந்தது எனக்கே தெரியாது.

"கோளாறு: மவுஸ் நகரவில்லை. காரணம்: தம்பி முறுக்குத் தின்ற கை. செய்தது: உருளையைச் சுரண்டினேன். மிச்ச முறுக்கைப் பிடுங்கி நான் தின்றேன்."

"கோளாறு: திரை முழுக்கக் கறுப்பு. காரணம்: தம்பி காலை நீட்டி உட்கார்ந்ததில் ஒயர் கழன்றது. செய்தது: ஒயரைச் செருகினேன். தம்பியை நகர்த்தினேன்."

"கோளாறு: தம்பி. காரணம்: பள்ளிக்கூடம் லீவு. செய்தது: டீ வாங்க அனுப்பினேன்."

நோட்டு இருக்கிற தைரியத்தில் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய சாஃப்ட்வேரை இன்னும் வைத்திருந்த, இந்த மலரை அச்சடிக்கும் புதுக்கோட்டை அச்சகத்துக்குப் போனேன். மாதிரிப் பக்கம் ஒன்று அடித்தார்கள். இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் நட்சத்திரமுமாக வந்தது.

"சார், இது என்ன பாஷை?" என்றார் அச்சகக்காரர்.

"தமிழ்தாங்க."

"எந்த ஊர்த் தமிழ் சார்?"

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, போன் போட்டேன். "மாமா, அம்மாவோட ஃபாண்ட் அவங்ககிட்ட இருக்காது. அதையும் கூட எடுத்துட்டுப் போனீங்களா?" என்றாள். "அது எப்படிம்மா இருக்கும், கனமா இருக்குமா?" என்று கேட்டேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டாள். எழுத்து வடிவங்களை அக்காவின் மிஷினிலிருந்து எடுத்து அச்சகத்து மிஷினில் ஏற்றினாள். அடுத்த நிமிஷம் அக்காவின் தமிழ் அப்படியே தாளில் வந்து விழுந்தது. நோட்டில் இதுவும் எழுதியிருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தை முறுக்குப் பக்கத்தோடு சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

பிழை பார்க்க மாதிரித் தாள்களைக் கடைக்குக் கொண்டுவந்தோம். முதல் பக்கத்தில் அக்காவின் படம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அத்தான் வந்து தாள்களை என் கையிலிருந்து வாங்கினார். ஸ்டூலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். மருமகள் டீ வாங்கி வந்தாள். அத்தான் படிக்க ஆரம்பித்தார். அப்பா பெயர், அம்மா பெயர், சித்தி, பெரியப்பா, பேரன் பேத்திகள் என்று பதினான்கு பக்கத்துப் பெயர்களையும் ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்தார். அவர் வாழ்நாளில் ஒரே நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நான் "ம்" என்றேன். ஒரு பிழைகூட இல்லை.

நோயில் கிடந்தபோது தஞ்சாவூருக்குத் தன் காரிலேயே கூட்டிப்போய் வந்த கீரமங்கலம் பங்காளிக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்த கடைத்தெருப் பெண்களுக்கும், கடைசி நாள் வரை ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸ் அம்மாவுக்கும், எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டாலும் சொன்ன நாளில் அச்சடித்துக் கொடுக்கும் அச்சகத்தாருக்கும், இரண்டு தடவை அழுத கறம்பக்குடி சித்திக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. மலரில் யாருடைய பெயரும் விட்டுப்போயிருக்காது. அது அக்கா அடித்தது. விட்டுப்போயிருந்தால் இந்தக் கட்டுரையில்தான் இருக்கும். என்னைத் திட்டவும்.

ஃபைலின் கடைசியில் அக்கா எனக்கென்று ஒரு கட்டம் போட்டு, மேலே "தம்பி எழுதுவான்" என்று அடித்து, கீழே காலியாக விட்டு வைத்திருந்தார். அதற்குள்தான் இதையெல்லாம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து இருவரும் வாய்க்காலில் விழுந்த கதை இன்னும் இருக்கிறது. சொல்லத் தொடங்கும்போது கட்டத்தின் அடியில் சின்னதாக ஒரு சிவப்பு முக்கோணம் வந்து நிற்கிறது. மவுசைச் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. ஒயரைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மிஷினை நிறுத்திப் போட்டேன், மறுபடி வந்துவிட்டது. யாருக்கும் போன் பண்ணவில்லை. பலகைக்கு அங்கிட்டுப் பார்த்து, "அத்தான், கீழ சிவப்பா ஒரு முக்கோணம் நிக்குது, என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு விட்ட எடம் முடிஞ்சிருச்சு மாப்ள, நிறுத்து."