கொட்டகைக் கதவுகள்

மகளுக்காகக் குட்டிக் கதவுகள் செய்துகொண்டிருந்தபோது, இழைப்புளியில் சுருண்டு விழுந்த சைப்ரஸ் மரச் சீவலின் வாசனை என்னை மலையிலிருந்த அட்டுவம்பட்டி வீட்டுக்கு இழுத்துப் போனது. அங்கே அப்பா தோட்டத்தில் பொம்மை ரயில் விட்டிருந்தார். கோடியில் கொட்டகை. ரயில் நுழைய ஒரு குட்டிக் கதவு, வெளியே வர இன்னொன்று. என்ஜின் முட்டினால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும். கீரி நுழையக்கூடாதென்று அப்பா இரண்டையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருந்தார்.

மேகம் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், உள்ளே போன ரயில் வரவில்லை.

"ஈரத்துல கதவு உப்பி இறுகிக் கெடக்குங்க. தள்ளிவிட்டு வரேன்," என்று அம்மா எழுந்தாள்.

அதற்குள் கதவை முட்டிக்கொண்டு என்ஜின் வந்தது. சக்கரங்களில் சிவப்பாக ஈரம். அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க. ஓடாம போங்க."

எங்கள் நாய் மணி அந்தக் கொட்டகையில்தான் தூங்கும். ஒரு குரைப்புகூடக் கேட்கவில்லை. கீரிக்குப் பயந்த அப்பா, ஆள் நுழையும் பெரிய கதவைச் சாத்த மறந்திருந்தார். சிறுத்தை அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

இன்று எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் என் குட்டிக் கதவுகளை மாட்டி முடித்ததும் மகள் தன் பொம்மை ரயிலை விட்டாள்.

"அப்பா, உள்ள போன ரயில் இன்னும் வரல."

மாட்டுவதற்காக நான் நுழைந்த பெரிய கதவு அப்படியே திறந்து கிடந்தது.

"வீட்டுக்குள்ள வா பாப்பா," என்றேன். "ஓடாத."