ஜமக்காளத்துக்குப் பின்னால் பதினோரு நாள்

பதினோரு நாள் நான் பட்டாளத்தோடு வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. துப்பாக்கி எதுவும் தரவில்லை. ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, சிவப்புக் கோடு போட்ட ஒரு ஜமக்காளம், அவ்வளவுதான் என் ஆயுதம்.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் நான் டைப்பிஸ்ட். தற்காலிக டைப்பிஸ்ட். தாசில்தார் தும்மினாலே ஆட்டம் காணும் வேலை. அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், தம்பி பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அந்தக் கோடையில் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தண்டவாளத்தில் யாரோ போல்ட்டைக் கழற்றிவிட்டதாகப் பேச்சு கிளம்பியதும், போலீசுக்குத் துணையாகப் பட்டாளம் வந்தது. பட்டாளம் வந்தாலும் தன்னிஷ்டத்துக்கு யாரையும் பிடித்துவிட முடியாது. மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள தாசில்தார் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த எழுத்தை நாலு கார்பன் வைத்து அடித்தவள் நான். லைனைத் தாண்டுபவர்களை நிறுத்தலாம், மூட்டை முடிச்சைச் சோதிக்கலாம், சந்தேகப்பட்ட ஆளைப் பிடிக்கலாம், பிடித்தவரைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெண்களை ஆண்கள் தொடக் கூடாது, ஒரு பெண்தான் கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும். கடைசி வரியை அடிக்கும்போது, பரவாயில்லையே, நல்ல சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் அப்போது பெண் போலீஸ் கிடையாது. ஆபீசில் இருந்த ஒரே பெண் நான்.

"நீதாம்மா போகணும்" என்றார் தாசில்தார், தலையை நிமிர்த்தாமலே.

"எனக்கு டைப் அடிக்கத்தான் சார் தெரியும்."

"சேலை முடிச்ச அவுத்துப் பாக்கதுக்கு எதுக்கும்மா டைப்பிங் ஹையர் பரீட்சை?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. ஆர்டரை அடித்த கையோடு அதை எடுத்துக்கொண்டு கரிவலம் போகிற வழியில் இருந்த ரயில்வே கேட்டுக்குப் போனேன். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் கயிறு கட்டி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்களையும் கூடைகளையும் வெளியே சிப்பாய்கள் பார்ப்பார்கள், பெண்களை உள்ளே நான் பார்க்க வேண்டும். சிப்பாய்களுக்குப் பெரியவர் வேலூர்ப் பக்கத்து சுபேதார். பெரிய மீசை, சின்னக் குரல். இருபத்திரண்டு வயசுக்காரியான என்னை 'மேடம்' என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

நம்மூர்ப் பெண்களின் மடி ஒரு மளிகைக் கடை. வெற்றிலை, புகையிலை, பொடி டப்பி, பிள்ளைக்குக் கட்டக் காத்திருக்கும் தாயத்து, புருஷனுக்குத் தெரியாத சுருக்குப்பை எல்லாம் அதற்குள் இருக்கும். போல்ட்டும் ஸ்பேனரும்தான் இல்லை. கூச்சப்படுவார்கள் என்று நான் பயந்ததற்கு மாறாக, அவர்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

"ஏட்டி, நல்லாத் தேடு. ரெண்டு ரயிலு வச்சிருக்கேன்" என்று ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். வெளியே வடக்கத்திச் சிப்பாய்கள் அர்த்தம் புரியாமல் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், தாலுகா ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே இருந்ததைவிட அந்த வேப்பமர நிழலில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒருத்தி வந்தாள். என் வயசுதான் இருக்கும். கையில் புல் அறுக்கும் அரிவாள், தலையில் வெறுங்கூடை. அவள் புருஷன் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். பிடிக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவன் பேர் ஆறாவதாக இருந்தது. அதையும் நான்தான் அடித்திருந்தேன். தலைமறைவாக இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, குடியிருப்பிலிருந்து யாரும் சமைத்த சோறு கொண்டுபோகத் தடை போட்டிருந்தார் போலீஸ் இன்ஸ்பெக்டர். கொண்டுபோகிறவரையும் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

அவள் இடுப்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். சுட்டது. பின்பக்கக் கொசுவத்துக்குள் தட்டையான ஓர் அலுமினிய டப்பாவைத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். இடுப்புத் தோல் சிவந்துபோயிருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாளோ.

ஜமக்காளத்துக்கு வெளியே வந்து, "ஒண்ணுமில்ல" என்றேன்.

பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அரசாங்க வேலையில் சொன்ன முதல் பொய் அது. சாயங்காலம் நோட்டின் அன்றைய பக்கத்தில் 'சோதித்த பெண்கள் இத்தனை பேர், கைப்பற்றியது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூடி சுபேதாரிடம் கொடுத்தேன். இது தெரிந்தால் வேலை போகும், அவளோடு சேர்த்து என்னையும் ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள். அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அந்த மனுஷன் ஒரு நாள் பழையது தின்னா ஆகாதா? தெனமும் கருவாடா?" என்று உள்ளே வைத்துக் கடுகடுத்தேன்.

"அது இல்லாம சோறு எறங்காதுக்கா அவுஹளுக்கு" என்றாள், பாவம்போல.

போலீஸ் தேடுகிற ஆளுக்கு நாக்கு நீளத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டு, வெளியே வந்து மறுபடியும் "ஒண்ணுமில்ல" என்றேன். வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவள் அப்போது ஜமக்காளத்துக்குள்ளே நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் கடலோரத்தில் பிறந்தவர். இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார், கருவாட்டு வாடை தூக்குது?"

உள்ளே நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். யார் யாரைப் பிடித்தது என்று நினைவில்லை. துணிக்குமேல் துணி சுற்றிக் கட்டியவளுக்கும், ஒரு வாரமாக மறைத்த எனக்கும், கருவாட்டுக்கு வாசனை உண்டு என்பது தோன்றவே இல்லை. தினமும் பக்கத்திலேயே நின்று அந்த வாசனை பழகிப்போன மூக்குகள்.

வெளியே சுபேதாரின் சின்னக் குரல் கேட்டது.

"என் சாப்பாடு சார். தெனம் பருப்பும் சப்பாத்தியும் தின்னு நாக்கு செத்துப்போச்சு. மேடத்துக்கிட்ட சொல்லி எடுத்தாரச் சொன்னேன். மேடம், அந்த டப்பாவக் கொஞ்சம் குடுங்க, ஆறிடப் போவுது."

அவள் அவிழ்த்தாள். நான் ஜமக்காளத்தின் ஓரம் வழியாகக் கையை மட்டும் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, அடுக்கிவைத்திருந்த ஸ்லீப்பர் கட்டைமேல் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் பார்க்கப் பார்க்க, கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கும் நாக்கில் நீர் ஊறியிருக்க வேண்டும். ஜீப் போய்விட்டது.

அவள் அழுதுவிட்டாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அவுஹ இன்னைக்குப் பட்டினியாக் கெடக்கணும்லாக்கா" என்றாள்.

சுபேதார் அடிபம்பில் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது வேலூரிலும் உண்டு போலிருக்கிறது. தன் பங்குச் சப்பாத்தி நாலையும் மடித்து வைத்து, மேலே பருப்பை ஊற்றி மூடியிருந்தார்.

"காரம் ஜாஸ்திம்மா" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் திறக்கச் சொன்னார். பட்டாளம் தேடிய ஆள் அன்றைக்குப் பட்டாளத்துச் சாப்பாடு சாப்பிட்டான். வேலைநிறுத்தம் முடிந்து அவன் மறுபடி வேலைக்குச் சேர்ந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சுபேதாரிடம் கேட்டேன்.

"எப்பத்திலேர்ந்து சார் உங்களுக்குத் தெரியும்?"

"மூக்கு இருக்குதே மேடம். அந்தப் பொண்ணு வந்த மொத நாள்லேர்ந்து."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சொல்லியிருக்கலாம்லா? நான் ஒருத்தியா எத்தன நாளு பயந்து செத்தேன்."

"சொன்னா நான் எழுதணும். சொல்லாதவரைக்கும் அது வெறும் வாசனைதான்."

"இன்னைக்கு என்ன எழுதட்டும்?"

"கெடச்சத எழுதுங்க."

'கைப்பற்றியது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நான் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு பொய்க்குக் கீழேயும், என் கையெழுத்தை ஒட்டி, அவர் கையெழுத்து இருந்தது.