தாலியை விழுங்கிய கார்

வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசம்... அதோடு கொஞ்சம் பெட்ரோல், கழுத்து மாலையிலிருந்து சம்பங்கி.

என் கல்யாணம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த மூன்றும்தான். மனைவி இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள். படிக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் வீடு திருக்கோகர்ணத்தில், பெண் வீடு நார்த்தாமலைக்குப் பக்கத்தில். அப்போதெல்லாம் மாப்பிள்ளை திறந்த காரில் போய் இறங்கினால்தான் மதிப்பு. எங்கள் தெரு வக்கீலிடம் அப்படி ஒரு சீமைக் கார் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் போன கையோடு ஊரைக் காலி செய்த ஒரு துரையிடம் வாங்கியது. துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேல் வானம்தான்.

வக்கீலுக்கு அந்தக் காரின் வெளிப்பக்கம் பற்றிக் கவலையே கிடையாது. மட்கார்டு நசுங்கினாலும் சும்மா இருப்பார். உள்ளே மட்டும் ஒரு தூசு ஆகாது! சிவப்புத் தோல் சீட்டு, அதன் ஓரத்தில் ஓடும் வெள்ளை வார், கதவில் சுருக்கு வைத்துத் தைத்த தோல் பை, காலுக்குக் கீழே பச்சைக் கம்பளம்... டேஷ்போர்டு முழுக்க வால்நட் மரப் பலகை, குனிந்தால் முகம் தெரியும்.

"கப்பல்ல வந்து எறங்குனப்ப எப்புடி இருந்துச்சோ அப்புடியே இருக்கு. ஒரு ஆணி மாத்தல" என்பார்.

ஓட்டுவதும் அவரேதான். ஏறுவதற்கு முன் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை.

தாலி என் அக்கா பொறுப்பில். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் சகோதரிதான் அதைக் கொண்டுபோவாள், மூன்றாவது முடிச்சும் அவள்தான் போடுவாள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தாள். திறந்த வண்டி, காற்று, கூட்டம்... பயந்துபோய் தாலி இருந்த வெள்ளிச் சிமிழை டேஷ்போர்டில் இருந்த சின்ன அறைக்குள் வைத்தாள். அதன் மூடியில் மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. ஏதோ குப்பை என்று அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, மூடியை 'டக்'கென்று அழுத்தி மூடினாள். வக்கீல் அப்போது பானட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டு வாசலில் மேளம் கொட்ட இறங்கினோம். அக்கா மூடியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்...

"ஐயா, இது தொறக்க மாட்டேங்குதுங்க. சாவி குடுங்க."

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது.

"மூடிட்டியா தாயி? அது மூடுனா தானாப் பூட்டிக்கிருமே! சாவி அந்தத் தொரையோடயே போயிருச்சு. அதுக்குத்தானே காயிதம் சொருகி வச்சிருந்தேன்."

செய்தி பந்தலுக்குள் போனது. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லாம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டிச் சாவி, பீரோ சாவி... ஒருத்தி நெல் வைக்கும் அறையின் சாவியைக்கூட நுழைத்துப் பார்த்தாள். "பாத்துங்கம்மா, பலகையில கீறிப்புடாதீங்க" என்று வக்கீல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் பொருந்தவில்லை. முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மஞ்சக்கெழங்கக் கயித்துல கோத்துக் கட்டிப்புடலாம்" என்றார் பெண்ணின் அப்பா.

பெண்ணின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தாலியே உள்ள போயிப் பூட்டிக்கிருச்சு. சகுனம் சரியில்லங்க. வேற நாள் பாப்போம்."

வேறு நாளா! அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவின் அண்ணன் மகன், பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை, பந்தக்காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நெடுநாளாகப் பெண் கேட்டு நடந்தவர். பெண்தான் என்னைப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் துணிந்து சொல்லியிருந்தாள்.

வக்கீல் என்னைப் பார்த்தார். அந்த மூடியை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"யாராச்சும் ஒரு அருவா கொண்டாங்கப்பா."

ஓடியது அந்த முறைமாப்பிள்ளை. கையில் அரிவாளோடு அவர் நேரே என்னைப் பார்த்து வந்தபோது, சத்தியமாக என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்... அவர் என்னைத் தாண்டிப் போய், வக்கீலிடம் பிடியைத் திருப்பி நீட்டினார்.

"சீக்கிரம் நெம்புங்கய்யா. உள்ள புள்ள அழுவுது."

வக்கீல் நுனியை இடுக்கில் விட்டு ஒரே நெம்பு. படீர்! வால்நட் பலகை குறுக்கே பிளந்தது. சிமிழை எடுத்து அக்கா கையில் வைத்தார்.

"ஓடு தாயி. பலகையப் பெறகு பாத்துக்கலாம்."

அக்கா மூன்றாவது முடிச்சைப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்பாடா! அக்கா அழுகிறாள், மாமியார் அழுகிறார், எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தியில் வக்கீலும் முறைமாப்பிள்ளையும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கினார்கள்.

பிளந்த பலகையை வக்கீல் மாற்றவே இல்லை. பித்தளைத் தகடு வைத்து ஆணி அடித்துக்கொண்டார்.

போன வாரம் துபாயிலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஏதோ கண்காட்சி. அதே மாதிரிக் கார்! கோட்டுப் போட்டவர்கள் டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறார்கள். தோல் ஒரிஜினல், கம்பளம் ஒரிஜினல், பலகை ஒரிஜினல், ஒரு கீறல் இல்லை... அதற்குப் பரிசாம். அன்றைக்குச் செருப்பைக் கழற்றியாவது ஏறினோம். இன்றைக்குச் சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், கிட்டவே போக முடியாது.

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன மூடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் முழுசால்ல இருக்கு... பாவம், இந்த வண்டியில போயி யாருக்கும் கல்யாணம் ஆகலயாங்க?"