என் மகளின் இடக்கண்

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் தலைமகள் பிறந்தாள். சில நாட்களிலேயே அவளுடைய இடக்கண் அழாமலே நீர் சொரியத் தொடங்கியது. விடியலில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக் கிடக்கும். என் மனைவி வெந்நீரில் துணி நனைத்து, ஒற்றி ஒற்றித் திறந்துவிடுவாள்.

மாலையில் நான் பதிகம் ஓதுகையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வந்து அமர்வார்கள்.

"புள்ள பாட்டக் கேட்டு எப்படி உருகுது பாருங்க! போன பொறப்புல அடியாரா இருந்திருக்கும்."

"ஒத்தக் கண்ணால உருகுற அடியாரா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க இயலவில்லை. நெஞ்சம் நெகிழ்ந்து கண்ணீர் பெருகுதலே பேறு என்று ஓதி வளர்ந்தவன் நான். இவளுக்கோ உறக்கத்திலும் வழிந்தது. பார்வை போய்விடுமோ என்று அஞ்சினேன்.

மாட்டுவண்டி கட்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். டாக்டர் யாழ்ப்பாணத்தவர்.

"கண்ணீர் மூக்குக்கு இறங்கிற வழி திறக்கேல்லை. மூக்கோரம் விரலாலை அமத்திக் கீழ்நோக்கித் தடவுங்கோ. வருசம் திரும்பியும் திறக்காட்டிக் கம்பி விடவேணும். கண்ணுக்கு மை தீட்டுறதை முதல்லை நிப்பாட்டுங்கோ."

"மை இல்லாம புள்ளயத் தூக்கிட்டுப் போனா கண்ணு படாதாங்க?" என்றாள் மனைவி.

"கன்னத்திலை வையம்மா. கண்ணுக்கை வேண்டாம்."

அன்றுமுதல் நாள்தோறும் தடவினேன். குழந்தை வீறிடுவாள். அழுத்திய இடத்திலிருந்து பீளை மேலேறி வந்ததேயன்றிக் கீழே இறங்கவில்லை. ஆண்டு நிறைந்தது. மறுபடியும் பதுளைக்குப் போனோம்.

மனைவியை வெளியே நிறுத்திவிட்டார்கள். துணியில் சுற்றிய குழந்தையின் தலையை நான் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய வெள்ளிக்கம்பி இமையோரத்துள் நுழைந்தது. நாள்தவறாமல் ஓதிய பதிகங்களில் ஓரடிகூட நாவில் எழவில்லை. மகள் என் முகத்தையே பார்த்து அலறினாள். பிடியைத் தளர்த்தவும் எனக்கு உரிமையில்லை.

"அழேக்கை இந்தப் பக்க மூக்காலையும் தண்ணி வந்தால் வழி திறந்திட்டுது எண்டு அர்த்தம்" என்றார் டாக்டர்.

மலையேறித் திரும்புகையில் மூடுபனி சூழ்ந்தது. குழந்தை அழுதாள், மூக்கு ஒழுகியது.

"வந்துருச்சுங்க!" என்றாள் மனைவி. உடனே முகம் வாடினாள். "இல்ல, சளி புடிச்சிருச்சா?"

வண்டிக்காரருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, எனக்கும்தான். அந்தக் குளிரில் எதைக் கொண்டு தெளிவது?

மறுநாள் விடியலில் வழக்கம்போல் அவள் வெந்நீரும் துணியுமாக வந்தாள். குழந்தை இரு கண்களையும் தானே திறந்து எங்களைப் பார்த்தாள். மனைவி கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல், நீர் ஆறும்வரை அப்படியே நின்றாள்.